ஒப்புரவு என்னும் அரும்பணி

அகதி என்னும் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது எளிது. கதி அற்றவன் அகதி. புகலிடம் இல்லாதவன், போக்கிடம் அறியாதவன் என்று அதனை விரித்துரைக்கலாம். ஆயினும் அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் எழும் படம் பெரும்பாலும் முழுமையானதன்று. கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை, கண்களில் நீர் என்ற அளவோடு நாம் நின்றுவிடுகிறோம். அகதிகள் அனைவரும் ஒரே துன்பத்தால் ஓரினமாகி விட்டவர்கள் என்று எண்ணி இரங்குகிறோம். உண்மை அத்தனை எளியதன்று. எந்தப் பகை அவர்களை ஊரைவிட்டு விரட்டியதோ, அந்தப் பகை முகாமுக்குள்ளும் அவர்களுடன் வந்து குடியேறிவிடுகிறது. அடுத்தடுத்த குடிசைகளில் வாழ்வோர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் ஆண்டுக்கணக்கில் வாழ்வதுண்டு.

மாணவ மாணவியரே, அரிசியும் பாயும் கொடுத்தால் பசியும் குளிரும் தீரும். பகை தீருமா? அதனைத் தீர்க்க முயல்வோர் யார்? எவ்வழியில் முயல்கின்றனர்? எங்கே வெல்கின்றனர், எங்கே தோற்கின்றனர்? இவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். உலகின் பல நாடுகளில் இப்பணியைத் தொடங்கியவர்கள் திருச்சபையினராக இருக்கக் காண்கிறோம். அவர்கள் அதனைச் சிறப்பாகச் செய்த இடங்களும் உண்டு. அவர்களே பிளவுபட்டு நின்ற இடங்களும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். பகைத்தோர் மீண்டும் கூடுவதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘ஒப்புரவு’ என்று சொல்கின்றனர். திருக்குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்றோர் அதிகாரம் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே அதன் பொருள் உலக நடையறிந்து பிறர்க்கு உதவி வாழ்தல். வேதநூலைத் தமிழாக்கியவர்கள் இச்சொல்லை எடுத்து, முறிந்த உறவைச் சேர்ப்பது என்ற பொருளில் ஆண்டனர். இரு பொருளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அழகு தோன்றுகிறது. கைகுலுக்கிக் கொள்வது மட்டும் ஒப்புரவு ஆகாது. அதன்பின் ஒருவர்க்கொருவர் பயன்பட வாழவும் வேண்டும். தமிழாசிரியராக இருந்த பழக்கம் என்னைச் சொல்லாராய்ச்சிக்கு இழுத்துச் செல்கிறது. இனிப் பொருளுக்கு வருவோம்.

பேச்சிப்பாறையில் வாழும் எனக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு பழமையானது. 1544-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் நம் தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மீனவர்க்குத் திருமுழுக்களித்தார். அதே காலத்தில் மன்னாரிலும் பலர் கிறிஸ்தவராயினர். அவர்களுள் அறுநூறு பேர் அளவில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியால் கொல்லப்பட்டனர் என்பது வரலாறு. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் நம் நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் ஏழைகள் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். பின்னாளில் அவ்வாறு சென்றவர்களை நோய் சோதித்து அனுப்புவதற்காக மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்: போகின்றவர்களைத் தங்கவைத்த அதே மண்டபத்தில்தான், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஓடி வந்தவர்களும் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் சிலருக்காக நம் குமரி மாவட்டத்திலும் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன.

இலங்கையின் இனப்பூசல் எவ்வாறு வளர்ந்தது என்பதை விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1948-இல் அந்நாடு விடுதலை பெற்றவுடன் மலையகத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958-இலும் 1977-இலும் கலவரங்கள் மூண்டன. 1983 சூலையில் கொழும்பிலும் பிற நகரங்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன; உயிர்ச்சேதம் மிகுதி. தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் பலர் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அதன்பின் மூண்ட போர் 2009 மே மாதம் வரை நீடித்தது.

இந்நாட்டின் சமய அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதனைப் புரிந்துகொண்டால்தான் திருச்சபைகளின் நிலை விளங்கும். பௌத்தர்கள் ஏறத்தாழ அனைவரும் சிங்களவர். இந்துக்கள் ஏறத்தாழ அனைவரும் தமிழர். முஸ்லிம்கள் தமிழைப் பேசினாலும் தனி இனமாகவே தம்மைக் கருதுகின்றனர். கிறிஸ்தவர் மட்டும் இரு மொழியாரிலும் இருக்கின்றனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே உள்ள இச்சிறு கூட்டத்தில், ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சிலர் சிங்களத்தில் சொல்கின்றனர், சிலர் தமிழில் சொல்கின்றனர். ஆகவே சண்டை மூண்டபோது, அதன் பிளவுக்கோடு திருச்சபையின் நடுவாகவே ஓடியது. இது அவர்களுக்கு வாய்ப்பும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று. இரு தரப்பாரையும் அறிந்தவர் இடைநின்று பேசலாம் என்பது வாய்ப்பு. தம் இனத்தார் செய்த கொடுமையைத் தம் இனத்தார் முன்னிலையிலேயே கண்டிக்க நேர்வது சோதனை.

அச்சோதனையில் தேறியவர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இலட்சுமன் விக்கிரமசிங்க என்பவர் குருநாகல் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயர். 1927-இல் செல்வாக்கு மிக்க சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்றவர். 1962 முதல் பேராயராக இருந்தவர். 1983 சூலைக் கொடுமைக்குப் பின்னர், உடல்நலம் நன்றாக இல்லாத நிலையிலும் பாதிக்கப்பட்ட தமிழரை நேரில் காணச் சென்றார். யாழ்ப்பாணத்துக்கும் பயணம் செய்தார். செப்டம்பர் மாதம் தம் மறைமாவட்டத்தாருக்கு ஆற்றிய உரையில், நடந்தது ஒழுக்கக்கேடான குற்றம் என்றும், சிங்களவராகிய நாம் அதற்காக வெட்கப்படவும் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம் என்றும் கருத்துப்பட எடுத்துரைத்தார். அரசியல் ஆதாயம் எதிர்நோக்கிப் பேசிய பேச்சன்று அது. அக்காலத்தில் அப்படிப் பேசினால் இழப்பே மிகுதி. அடுத்த மாதம், அக்டோபர் 23-ஆம் நாள் அவர் காலமானார்.

இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். வன்முறையை இருசாராரும் கைவிட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது எவருக்கும் எளிது. சமயத் தலைவர்களின் அறிக்கைகள் பல அவ்வளவோடு முடிந்துவிடுகின்றன. ‘நாங்கள் செய்தோம்’ என்று தன்மைப் பன்மையில் ஒருவர் சொல்லும்போதுதான் எதிரே இருப்பவரின் காது திறக்கிறது. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படிக்கிறீர்களே, குற்றத்தைப் பற்றிப் பேசும்போது உலகம் பெரும்பாலும் படர்க்கையையே நாடுகிறது.

பேச்சளவில் நில்லாமல் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. மன்னார்ப் பகுதியில் பணியாற்றிய மெதடிஸ்த போதகர் ஜார்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் கொல்லப்பட்டார். அவர் தமிழர், அவருடைய மனைவியார் சிங்களவர், அவருடன் மாண்ட வண்டியோட்டி முஸ்லிம். மூன்று சமூகங்களும் அந்த ஒரே சாவில் இழப்புற்றன. அடுத்த மாதமே வங்காலைப் பங்கின் கத்தோலிக்கக் குரு மேரி பஸ்தியான் சுடப்பட்டு இறந்தார். மட்டக்களப்பில் மக்கள் குழுவின் தலைவராக இருந்து எல்லாத் தரப்பு ஆயுததாரிகளிடமும் ஏழைகளுக்காகப் பேசிவந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 சூன் 6-ஆம் நாள் கொலையுண்டார்.

மட்டக்களப்பைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் அங்கே பகை சிங்களவர்க்கும் தமிழர்க்கும் இடையே மட்டும் நிற்கவில்லை. 1990 ஆகஸ்டு 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே கொடுமை நிகழ்ந்தது. தமிழ்க் கிராமங்கள்மீது பழிவாங்கல் தொடர்ந்தது. தமிழ் பேசும் இரு சமூகங்கள், ஒரே கடைத்தெருவில் நெல்லும் மீனும் விற்று வாங்கியவர்கள், ஒருவரையொருவர் கண்டு அஞ்சி ஓடினர். அந்த நாட்களில் யூஜின் ஹீபர்ட் என்னும் அமெரிக்க இயேசு சபைக் குரு மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தார். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து கற்பித்துப் பெயர் பெற்றவர் அவர். ஆகஸ்டு 15-ஆம் நாள் வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு தமிழ் இளைஞனுடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர் வழியில் காணாமற்போனார். இருவரையும் அதன்பின் எவரும் காணவில்லை. அவருடைய தோழரான ஹாரி மில்லர் அடிகளார் அக்குழுவில் தொடர்ந்து உழைத்தார். காணாமற்போனவர் யார், பிடித்துச் சென்றவர் யார், எந்த நாள், எந்த இடம் என்று விடாமல் எழுதிவைப்பது அக்குழுவின் வேலைகளுள் ஒன்று. குறிப்பேட்டில் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். பெயரும் நாளும் எழுதப்படாத துயரம் சில ஆண்டுகளில் வதந்தியாகிவிடும். வதந்தி அடுத்த சண்டைக்கு விறகாகும்.

அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், சில மணி நேரமோ சில நாட்களோ மட்டும் அவகாசம் கொடுக்கப்பட்டு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் புத்தளம் சென்று முகாம்களில் தங்கினர். தமிழரும் அகதி, முஸ்லிமும் அகதி. ஒருவர் துயரை மற்றவர் கேட்கும் நிலையில் இருவருமே இல்லை.

இனி மடுவுக்கு வருவோம். மன்னார் மாவட்டத்துக் காட்டின் நடுவே இருக்கிறது மருதமடு மாதா திருத்தலம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின என்பது வழிவழி வரும் செய்தி. அப்படியானால் அந்தத் திருத்தலத்தை ஏற்படுத்தியவர்களே அகதிகள்! வடக்கிலிருந்து தமிழரும், நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து சிங்களவரும் ஆண்டுதோறும் அங்கே கூடுவது நெடுநாள் வழக்கம். மாட்டுவண்டி கட்டி வந்து, மரத்தடியில் சமைத்து உண்டு, பத்து நாட்கள் தங்குவார்கள். சூலை 2-ஆம் நாளும் ஆகஸ்டு 15-ஆம் நாளும் பெருவிழாக்கள். கத்தோலிக்கரல்லாதாரும் நேர்ச்சையோடு வருவதுண்டு.

போர் வந்தபோது அந்த யாத்திரைத் தலம் அகதி முகாமாயிற்று. 1990-இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் அங்கே திறந்த நிவாரண நிலையம் ஒன்றை அமைத்தது. கடலைக் கடந்து இந்தியாவுக்கு வர இயலாதவர்களும் விரும்பாதவர்களும் காடு சூழ்ந்த அந்த நிலத்தில் பல்லாயிரக்கணக்கில் தங்கினர். ஆயுதம் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே கோரப்பட்ட விதி. அவ்விதி எப்போதும் மதிக்கப்பட்டது என்று சொல்ல இயலவில்லை. 1999 நவம்பர் 20-ஆம் நாள் எறிகணைகள் விழுந்து, ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். போரிட்ட இரு தரப்பும் ஒன்றையொன்று பழித்தன.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுப் பெருவிழாவுக்குத் தெற்கிலிருந்து சிங்கள யாத்திரிகர்கள் பெருந்திரளாக வந்தனர். எந்த மாநாட்டுத் தீர்மானமும் அவர்களை அழைத்து வரவில்லை. பாட்டனார் தங்கிய மரத்தடியைத் தேடி அவர்கள் வந்தார்கள். அந்த மரத்தடியில் ஓர் அகதிக் குடும்பம் பல ஆண்டுகளாகக் குடியிருந்தது. இப்படிப்பட்ட சந்திப்பு எத்தனை கூட்டங்களுக்குச் சமம் என்று கணக்கிட முடியாது. ஆனால் அமைதி நிலைக்கவில்லை. 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது, குருமார் மாதா திருவுருவத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது மீண்டும் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு விழாவுக்கு முன் திருவுருவம் மடுவுக்குத் திரும்பியது. 2015 சனவரி 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது, போரில் துன்புற்ற சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஒரே திடலில் அவர் முன் இருந்தன.

தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் நிலை வேறு. 1983 முதல் 1987 வரை 1,34,053 பேரும், 1989 முதல் 1991 வரை 1,22,078 பேரும் வந்தனர் என்பது அரசின் கணக்கு. 1995 மார்ச்சு வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1984-இல் அகதி மாணவர்க்கு உயர்கல்வியில் இட ஒதுக்கீடு கிடைத்தது. 1991 மே 21-இல் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின்னர் எல்லாம் மாறிற்று. ஒதுக்கீடு நின்றது, சில ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதற்கும் தடைகள் ஏற்பட்டன. கொலையோடு தொடர்பற்ற குழந்தைகள் அதன் விலையைக் கொடுத்தனர் என்பது ஆசிரியத் தொழிலில் இருந்த என் கருத்து.

அந்நாட்களில் இவர்களுக்காக உழைத்தோருள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைச் சொல்லவேண்டும். 1984-இல் அதனை நிறுவிய சந்திரகாசன், ‘தந்தை செல்வா’ என்று அழைக்கப்பட்ட செல்வநாயகத்தின் மகன். செல்வநாயகம் கிறிஸ்தவர், அவரைத் தலைவராகக் கொண்டு பின்சென்றவர்களோ பெரும்பாலும் சைவர். இக்கழகம் திருச்சபை நிறுவனம் அன்று. அகதிகளே அகதிகளுக்காக நடத்துவது. ஆனால் திருச்சபைத் தொண்டு அமைப்புகள் பல அதனோடு இணைந்து நின்றன. 1980-இல் பெத்ரோ அருப்பே அடிகளார் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் முகாம்களில் மாலை நேரப் பாடசாலைகளை நடத்தியது. இவ்விரு அமைப்பும் கண்ட உண்மை ஒன்றே: கையில் புத்தகம் இருக்கும் இளைஞனைத் துப்பாக்கிக்கு அழைப்பது கடினம்.

முகாமுக்குள் என்ன பகை இருக்கப்போகிறது, எல்லோரும் தமிழர்தாமே என்று கேட்பீர்கள். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோ இயக்கத்தாரைத் தாக்கிப் பலரைக் கொன்றனர். ஒரே தெருவில் பிறந்த இளைஞர் இரு இயக்கங்களில் இருந்தனர். கொன்றவனின் தாயும் கொல்லப்பட்டவனின் தாயும் பின்னாளில் ஒரே படகில் தனுஷ்கோடி மணலில் இறங்கியதுண்டு. இவையன்றி யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், மலையகத்தார் என்ற வேறுபாடும், சாதி வேறுபாடும் படகில் ஏறி வந்துவிட்டன.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் 1990-களின் தொடக்கத்தில் முகாம் மாணவர் இருவர் ஏழாம் வகுப்பில் இருந்தனர். இருவரும் ஒரே பெஞ்சில் அமர மறுத்தார்கள். காரணம் கேட்டால் இருவரும் தலைகுனிந்து நிற்பார்கள். அவர்களுடைய அண்ணன்மார் எதிரெதிர் இயக்கங்களில் இருந்து இறந்தவர்கள் என்பதை அம்முகாமில் ஊழியம் செய்த உபதேசியார் ஒருவர் பின்னர் எனக்குச் சொன்னார். எளிய மனிதர் அவர்; சைக்கிளில் வருவார். அவர் அக்குடும்பங்களுக்குப் புத்திமதி எதுவும் கூறவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் வந்தது. முகாமில் கல்லறை ஏது? பிள்ளைகளின் உடலைக் கண்ணாற் காணாதவர்களே அங்கு மிகுதி. இறந்தோர் பெயரைத் தருமாறு அவர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்கினார். இந்துக் குடும்பங்களும் கொடுத்தன. எந்த இயக்கம், யார் கொன்றது என்று அவர் எழுதவில்லை. பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, ஓலைக் கொட்டகையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நானும் அன்று சென்றிருந்தேன். அந்த இரு அண்ணன்மார் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டபோது இரு தாய்மாரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். பையன்கள் நண்பராகிவிட்டனர் என்று கதை முடிக்க என்னிடம் சான்றில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் அவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்தார்கள்; அவ்வளவே எனக்குத் தெரியும்.

பேச்சிப்பாறை அணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்ஷின் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் எழுந்து 1906-இல் நிறைவுற்றது. நீரைத் தேக்குவதோடு அணையின் வேலை முடிவதில்லை. மழைக்காலத்தில் உள்வரத்து மிகும்போது மறுகால் மதகைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் வைத்தால் அணைக்கே கேடு. மதகை முன்னறிவிப்பின்றித் திறந்தாலோ தாழ்விடங்களுக்குக் கேடு. துன்புற்றோரின் சினமும் அத்தகையதே. ‘மறந்துவிடு, மன்னித்துவிடு’ என்று முதல் நாளே சொல்பவர் மதகை அடைத்துவைக்கிறார். மேடை போட்டு வெறியைக் கிளப்புபவர் மதகை உடைக்கிறார். அளவறிந்து திறப்பவரே வேண்டப்படுபவர்.

இவ்வாறு அளவறிந்து திறந்ததற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று தருகிறேன். தென் சூடானில் டிங்கா, நுவேர் என்று இரு பெரும் இனத்தார் உள்ளனர். இருவரும் மாடு மேய்ப்பவர்கள். 1991-இல் விடுதலைப் படை இரண்டாகப் பிளந்தபின் ஒருவரையொருவர் கொன்று, மாடுகளைக் கவர்ந்து, பெண்களையும் சிறுவரையும் பிடித்துச் சென்றனர். இலட்சக்கணக்கானோர் ஊரிழந்தனர். புதிய சூடான் திருச்சபைகள் மன்றம் இதில் தலையிட்டது. முதலில் 1998-இல் தலைவர்கள் சிலரை மட்டும் கென்யாவின் லோக்கிச்சோகியோவில் சந்திக்கச் செய்தது. பின்னர் ஒரு சாரார் மறு சாராரின் ஊருக்குச் சென்று தங்கினர். சென்றவர் உயிரோடு திரும்பியதைக் கண்டபின்னரே மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1999 பிப்ரவரி இறுதியில் வுன்லிட் என்னும் சிற்றூரில், இதற்கென்றே எழுப்பிய குடிசைகளில் பெருங்கூட்டம் கூடியது. ஒரு வெள்ளைக் காளை பலியிடப்பட்டது. கிறிஸ்தவப் போதகர்கள் அதனைத் தடுக்கவில்லை. தம் ஜெபத்தையும் அதனருகே வைத்தனர். அம்மக்களின் முன்னோர் வழக்கத்தில்தான் உடன்படிக்கைக்கு வலிமை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பின்னர் ஒரு சாரார் நாட்கணக்கில் தம் குறைகளைச் சொல்ல, மறு சாரார் குறுக்கிடாமல் கேட்டனர். அதன்பின் முறை மாறியது. இறுதியில் மேய்ச்சல் நிலமும் நீர்நிலையும் பொது என்றும், பிடித்துச் சென்றோரைத் திருப்பி அனுப்புவதென்றும் உடன்பட்டுக் கையொப்பமிட்டனர். கையெழுத்தறியாதவர் பெருவிரல் பதித்தனர்.

அந்த உடன்பாடு மக்களிடையே பயன் தந்தது. ஆனால் 2011-இல் தென் சூடான் தனிநாடான பின்னர், 2013 டிசம்பரில் தலைவர்களின் பதவிப் போட்டி மீண்டும் அதே இரு இனத்தாரையும் மோதவிட்டது. உகாண்டாவிலும் கென்யாவிலும் உள்ள பெருமுகாம்களில் இன்று இரு சாராரும் அகதிகள். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டுத் தலைவர்களின் பாதங்களை முத்தமிட்டுச் சமாதானம் வேண்டினார். 2023 பிப்ரவரியில் காண்டர்பரிப் பேராயரோடும் ஸ்காத்லாந்துத் திருச்சபைத் தலைவரோடும் அங்கு சென்றார். கீழே நெய்த வலையை மேலே இருப்பவர் ஒரே இழுப்பில் கிழிக்கலாம் என்பதை வுன்லிட் நமக்குக் காட்டுகிறது. அதனால் நெய்தது வீண் என்று நான் கருதவில்லை.

அயல்நாட்டுக் கதைகளையே சொல்கிறேன் என்று எண்ணவேண்டா. நம் மாவட்டத்திலேயே 1982 மார்ச்சு 1-ஆம் நாள் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தை உங்கள் பெற்றோர் அறிவர். அது இனப்போர் அன்று. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நேர்ந்த மோதல். கடற்கரை ஊர்களிலும் உள்ளூர்களிலும் மக்கள் அஞ்சி இடம்பெயர்ந்தனர். அப்போது குன்றக்குடி அடிகளார் இங்கு வந்து, சைவத் துறவியின் கோலத்தோடு மீனவர் ஊர்களுக்குச் சென்று பேசினார். சமாதானம் செய்பவர் எந்தச் சமயத்தார் என்பதைவிட, அவர் எந்த வாசலுக்குச் செல்கிறார் என்பதே முக்கியம்.

திருச்சபைகளின் குறைபாட்டையும் சொல்வதாக முன்னர்க் கூறினேன். இலங்கையில் போரின் இறுதிக் கட்டத்திலும் அதன் பின்னரும், வடக்கில் இருந்த குருமாரும் தெற்கில் இருந்த குருமாரும் ஒரே குரலில் பேசவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 சனவரியில் அரசின் விசாரணை ஆணையத்தின் முன், வன்னியில் 1,46,679 பேரைப் பற்றிய கணக்கு விளங்கவில்லை என்று அரசின் ஆவணங்களையே ஒப்பிட்டுக் காட்டினார். தெற்கில் பலருக்கு அது கசந்தது. அவர்மீது இனச்சார்பு என்ற பழி எழுந்தது. உண்மையை விசாரிக்காமல் ஒப்புரவு இல்லை என்றனர் வடக்கில் உள்ளோர். பழையதைக் கிளறினால் ஒப்புரவு கெடும் என்றனர் தெற்கில் பலர். என் சிற்றறிவுக்கு முன்னவர் வாதமே பொருந்துகிறது. வடக்கிலும் கிழக்கிலும் காணாமற்போனோரின் தாய்மார் 2017 முதல் சாலையோரப் பந்தல்களில் படங்களை ஏந்தி அமர்ந்தனர். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடையில்லாமல் அவர்களிடம் எதனை மறக்கச் சொல்வது?

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புத் திருநாள் காலையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்ட கிறிஸ்தவருள் சிங்களவரும் தமிழரும் இருந்தனர். கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித், முஸ்லிம்களைப் பழிவாங்க எவரும் கை ஓங்கலாகாது என்று உடனே வேண்டினார். ஆயினும் நீர்கொழும்பில் தஞ்சமடைந்திருந்த பாகிஸ்தானிய அகதிகள் பலர் வாடகை வீடுகளினின்றும் விரட்டப்பட்டனர்; குண்டு வைத்தவர்களோடு எத்தொடர்பும் இல்லாதவர்கள் அவர்கள்.

இன்று தமிழ்நாட்டு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். 2021-இல் அரசு அவ்வாறு மாற்றியது. அப்போது முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். அவர்களுள் கணிசமானோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சிலர் திரும்பிச் செல்கின்றனர். மன்னாருக்குத் திரும்பும் தமிழரும், புத்தளத்திலிருந்து மன்னாருக்குத் திரும்பும் முஸ்லிம்களும் காண்பது ஏறத்தாழ ஒன்றே: வயலில் காடு மண்டியிருக்கிறது, அல்லது வேறொருவர் குடியிருக்கிறார். காணி உறுதி எரிந்தோ தொலைந்தோ போயிருக்கிறது. இந்நிலையில் ஒப்புரவு என்பது வழிபாட்டு மேடையில் நடப்பதன்று; நில அளவைக்காரரின் சங்கிலியோடு நடப்பது. எல்லைக்கல் எங்கே இருந்தது, பொதுக்கிணறு எது, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போகும் ஒழுங்கை எப்படி வளைந்தது என்று சொல்லத் தெரிந்த முதியவர் ஒருவர் தமிழ்நாட்டு முகாமில் இருப்பார். மற்றொருவர் புத்தளத்தில் இருப்பார். இருவருக்கும் வயது எண்பதை நெருங்கியிருக்கும். அவ்விருவரையும் ஒருமுறை அந்த வயல் வரப்பில் கொண்டுவந்து நிறுத்தும் வேலை இன்னும் செய்யப்படவேண்டியதாகவே இருக்கிறது.